எழுபதாயிரம் ரூபாய்ப் பாட்டுப் பெட்டியும் விலை போட முடியாத காதும்

காலேஜில் சேர்ந்திருக்கும் மகன் மெல்ல வந்து ஆரம்பிக்கிறான். "அப்பா, ஒரு ஹை-ரெஸ் பிளேயர் வாங்கித் தாங்கப்பா. போன்ல கேட்டா பாட்டு பாட்டாவே இல்ல." விலை என்னவென்று கேட்கிறீர்கள். பத்தாயிரத்தில் தொடங்கி எழுபதாயிரம் வரை அடுக்குகிறான். உள்ளறையிலிருந்து பாட்டி குரல் கொடுக்கிறார்: "பாட்டுக் கேக்கவா எழுபதாயிரம்? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே பிடிக்கலாமேய்யா!"

பையன் புளுகவில்லை. 2023-ல் சோனி கம்பெனி இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு வாக்மேனின் விலை 69,990 ரூபாய். 1979-ல் இதே கம்பெனி முதல் வாக்மேனை விற்றபோது அதற்குள் ஓடியது டேப் கேசட். இப்போது கேசட் இல்லை, எல்லாம் எண்கள். ஃபியோ, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் என்று வேறு பல கம்பெனிகளும் களத்தில் இருக்கின்றன. ஆஸ்டெல் அண்ட் கெர்னில் லட்சத்தைத் தாண்டும் பிளேயர்களும் உண்டு.

'இதில் ஒரு சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். பாட்டைக் கேட்பது பெட்டி இல்லையே, காதுதானே! பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு நம் காதுக்கு எட்டுகிறது, எவ்வளவு விலைச்சீட்டோடு நின்றுவிடுகிறது என்று பார்த்துவிட்டால் காசும் மிச்சம், காதும் மிச்சம்.

அப்படி என்ன இருக்கிறது அதற்குள்?

பாட்டை எண்ணாக மாற்றும்போது ஒலி அலையை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். சாதாரண சி.டி.யில் விநாடிக்கு 44,100 தடவை. ஒவ்வொரு அளவையும் எழுதிவைக்க 16 பிட். 'ஹை-ரெஸ்' என்கிற உயர்தரப் பதிவில் 96,000 அல்லது 1,92,000 தடவை. எழுதிவைக்க 24 பிட்.

எண் கூடினால் தரமும் கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறீர்கள். ஒரு வளைவை இழுக்க எத்தனை புள்ளி தேவையோ அத்தனை வைத்துவிட்டால் கோலம் முழுசாக வந்துவிடும். இடையில் இன்னும் நூறு புள்ளி வைத்தாலும் அதே வளைவுதான் வரும். ஒலியும் அப்படியே. விநாடிக்கு 44,100 புள்ளி வைத்தால், அதில் பாதி அளவு, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லா ஒலியையும் முழுசாகத் திருப்பித் தர முடியும். இது ஒலிப்பதிவுக் கணக்கின் அடிப்படை விதி.

சரி, நம் காது எதுவரை கேட்கும்? நல்ல இளம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல்பக்க எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஐம்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களில் பலருக்கு 12,000, 14,000-க்கு மேல் ஒன்றும் விழாது. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். பியானோவின் கடைசி உச்சக் கட்டையே சுமார் 4,200 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே இருப்பவை ஒலிக்கு மெருகும் கூர்மையும் கொடுக்கும் துணைச் சுரங்கள்.

இந்தக் கருவிகளின் மேல் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 40,000 ஹெர்ட்ஸ் வரை கையாளும் திறன் உண்டு என்பதற்கான ஜப்பானிய முத்திரை அது. 40,000 ஹெர்ட்ஸ் உங்களுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு வேண்டுமானால் கேட்கும்!

24 பிட் விஷயமும் இதுபோலத்தான். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. பதிவு செய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் இடம் மிகவும் உதவும். ஆனால் சித்திரை வெயிலில் நம் கரிசல் காட்டு வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றாமல் யார் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள்? அந்த விசிறிச் சத்தத்துக்கு அடியில் 24 பிட்டின் நுட்பம் புதைந்து போகும்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

எந்தக் கருவி ஓடுகிறது என்று காட்டாமல் வெறும் காதை மட்டும் நம்பிச் சொல்லச் சொல்லும் பரீட்சைகள் பல நடந்திருக்கின்றன. 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை நேராக ஒருமுறை, அதையே சி.டி. அளவுக்குக் குறைத்து ஒருமுறை என்று போட்டுக்காட்டினார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னவை 276. பாதிக்குப் பாதி! காசைச் சுண்டிப் போட்டாலும் இதே கணக்குத்தான் வரும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் என்ற பேராசிரியர் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார். சரியான பதில் 52.3 சதவீதம். வித்தியாசம் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது என்பது அவர் முடிவு. சரி, இருக்கட்டும். நூற்றுக்கு ஐம்பதைக் காட்டிலும் இரண்டு சொச்சம்! இதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

'போனோ' கதையும் நல்ல பாடம். நீல் யங் என்ற புகழ்பெற்ற பாடகர் 2014-ல் பொதுமக்களிடமே 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, முக்கோண வடிவில் ஒரு உயர்தர பிளேயர் கொண்டுவந்தார். விலை 399 டாலர். 2015-ல் டேவிட் போக் என்ற எழுத்தாளர் சிலரை உட்காரவைத்து, எது எதுவென்று சொல்லாமல் போனோவிலும் ஐபோனிலும் ஒரே பாட்டைப் போட்டுக்காட்டினார். போனோதான் உசத்தி என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. 2017-ல் போனோ கடையைக் கட்டிவிட்டது.

காருக்குறிச்சியார் நாகஸ்வரத்தை எதில் கேட்பது?

எங்கள் கோவில்பட்டிக்காரர்களுக்குப் புரியும்படி ஓர் உதாரணம். காருக்குறிச்சி அருணாசலம் எங்கள் ஊரில் வாழ்ந்த மேதை. 1921-ல் பிறந்து 1964-ல் மறைந்தவர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலும் அவர் நாகஸ்வரமும் போட்டி போடுவதைக் கேட்காத தமிழர் குறைவு.

அந்தக் காலத்து மைக், அந்தக் காலத்து டேப். அந்த மைக் எதைப் பிடித்ததோ அதுதான் நமக்கு மிச்சம். அதை இன்றைக்கு 1,92,000 புள்ளியில் மாற்றி 'ஹை-ரெஸ்' என்று விற்றால், மைக் பிடிக்காமல் விட்ட ஒலி எங்கிருந்து வரும்? ஒரு படி பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் பால் பெருகிவிடுமா? அண்டாதான் இடத்தை அடைக்கும்! சுருக்காமல் வைத்தால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு சி.டி. தரத்தில் சுமார் 53 மெகாபைட் இடம் போதும். 24 பிட், 1,92,000 கணக்கில் சுமார் 345 மெகாபைட் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அதே பாட்டைச் சில வீடுகளில் தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த மட்டமான எம்.பி.3-யாக வைத்திருப்பார்கள். மூல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த சி.டி. தரப் பதிவோடு அதை ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும். எந்தப் பிளேயர் என்பதைவிட எந்தப் பதிவு என்பதுதான் முதல் கேள்வி.

பெட்டிக்குப் பெட்டி என்னதான் வித்தியாசம்?

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காதுக்குத் தெரியக்கூடிய வித்தியாசங்கள் இவை:

• அடிச் சத்தம். மலிவான கருவிகளில் பாட்டு இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். நல்ல பிளேயரில் அந்த இடம் அமைதியாக இருக்கும்.

• இழுக்கும் சக்தி. காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன்கள் சிலவற்றுக்கு அதிக மின்சக்தி தேவை. போன் திணறும். தனி பிளேயர் சுலபமாக ஓட்டும்.

• ஜோடிப் பொருத்தம். சில பிளேயர்களோடு சில இயர்போன்களைச் சேர்த்தால் கீழ்ச்சத்தம் வீங்கும், அல்லது மேல்சத்தம் மங்கும். கடையில் உங்கள் இயர்போனையே மாட்டிக் கேட்டுப் பார்ப்பது உத்தமம்.

• நிம்மதி. பாட்டின் நடுவே போன் மணி அடிக்காது, மெசேஜ் வராது. இது ஒலித்தரம் இல்லைதான். ஆனால் மனசு ஒன்றிக் கேட்க உதவும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் எங்கே தெரியுமா? காதில் மாட்டும் இயர்போனில்! ஒரே பிளேயரில் இரண்டு இயர்போனை மாற்றிப் பாருங்கள். இரண்டு வேறு கச்சேரி மாதிரி இருக்கும். காதுத் துவாரத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ரப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் தவில் ஒலி தட்டையாகிவிடும், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். கூடவே வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாட்டிப் பார்க்காமல் 'சத்தம் சரியில்லை' என்று பெட்டியையே மாற்றுகிறவர்கள் உண்டு.

இன்னொரு சங்கதி. எழுபதாயிரத்துக்கு பிளேயர் வாங்கிவிட்டு அதில் வயரில்லாத புளூடூத் இயர்போன் போடுகிறார்கள். புளூடூத்தில் போகும்போது பாட்டு பெரும்பாலும் சுருங்கித்தான் போகிறது. எண்ணை ஒலியாக மாற்றும் வேலையையும் இயர்போனுக்குள் இருக்கும் குட்டிச் சில்லே செய்துவிடுகிறது. பிளேயருக்குள் இருக்கும் விலை உயர்ந்த சில்லுக்கு அங்கே வேலையே இல்லை! நாட்டுப் பசும்பாலைக் கறந்து, பவுடராக்கி, மறுபடியும் கரைத்துக் குடித்த கதைதான்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். நண்பரிடம் பிளேயரை இரவல் வாங்கி நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒரே பாட்டு, ஒரே இயர்போன். ஒரு பக்கம் உங்கள் போன், மறுபக்கம் பிளேயர். போனில் இயர்போன் துளை இல்லாவிட்டால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் சின்ன இணைப்பு வயர் போதும். முக்கியமான விஷயம், இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். துளி கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுதான் 'நல்லா இருக்கு' என்று நம் மூளை தீர்ப்புச் சொல்லிவிடும். நம்மை ஏமாற்றுவதில் முதல் இடம் இதற்குத்தான்.

பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டம்மா காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் போன், தலை விழுந்தால் பிளேயர் என்று மாற்றி மாற்றிச் செருகட்டும். பத்துத் தடவை. ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் உங்களுக்கு நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது. குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக அமைவது நூற்றில் ஒரு தடவைதான். ஐந்து, ஆறு என்று நின்றால்? காசைப் பத்திரமாக உள்ளே வையுங்கள்.

சத்தம் மங்குவது பெட்டியிலா, காதிலா?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 24. ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். "வைத்தியரய்யா, காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரியே இருக்கு. ராத்திரி தூக்கமில்ல. ஒரு தைலம் குடுங்க" என்றார். பேச்சுக் கொடுத்தபோது இன்னொன்றையும் சொன்னார். "கொஞ்ச நாளா பாட்டு மங்கலா கேக்குதுன்னு பழைய பிளேயரைத் தூக்கிப் போட்டுட்டு உசத்தியா ஒண்ணு வாங்குனேன். அதுவும் அப்படித்தான் இருக்கு."

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டில் 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதிக இரைச்சலால் காது பழுதானதற்கான அடையாளம் அது. மில் இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டை அதற்கும் மேலே ஏற்றி வைத்து இரண்டு வருஷம் கேட்டிருக்கிறார். மங்கிப் போனது பெட்டி இல்லை, காது!

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதற்குள் சுமார் 15,000 மயிரிழை செல்கள். ஒலி வரும்போது காற்றில் கம்பங்கதிர் ஆடுவது போல ஆடி, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அளவுக்கு மீறிய சத்தத்தில் இவை ஒடிந்து சாகின்றன. வெட்டிய தலைமுடி வளரும். இவை வளரா. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கடைசி வரைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். கணக்கைப் பாருங்கள்:

80 டெசிபல்: வாரம் 40 மணி
83 டெசிபல்: 20 மணி
86 டெசிபல்: 10 மணி
89 டெசிபல்: 5 மணி
92 டெசிபல்: இரண்டரை மணி
95 டெசிபல்: ஒன்றேகால் மணி
98 டெசிபல்: 37 நிமிடம்

வாரம் முழுதுக்கும் 37 நிமிடம்! சக்தி அதிகமுள்ள பிளேயரும் துல்லியமான இயர்போனும் சேர்ந்தால் இந்த அளவை வெகு சுலபமாகத் தாண்டும். ஒலி சுத்தமாக இருப்பதால் கரகரப்பு இருக்காது, காதும் வலிக்காது. சத்தம் அதிகம் என்பதே உறைக்காது. உயர்தர பிளேயரில் இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான்.

வெளிச்சத்தத்தைத் தடுக்கும்படி நன்கு பொருந்தும் இயர்போன் வாங்கச் சொல்வதும் இதனால்தான். வெளி இரைச்சல் குறைந்தால் பாட்டைக் குறைத்து வைத்தே நுணுக்கம் எல்லாம் கேட்கலாம். ஒலித்தரமும் கூடும், காதும் பிழைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரோட்டிலும் தண்டவாளப் பக்கமும் அதை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

எண்ணெய் ஊற்றலாமா டாக்டர்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சித்த மருத்துவத்தில் ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு உரிய புலன் செவி. காது இரைச்சலை வாதத்தோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ராத்தூக்கம் கெடுவதும் உடல் சூடும் அதைக் கூட்டும் என்பதால்தான் வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் சொன்னார்கள். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. நல்ல தூக்கம் வரும், இரைச்சலின் தொந்தரவைத் தாங்கும் பக்குவமும் வரும்.

ஆனால் தலைக்குத் தேய்ப்பது வேறு, காதுக்குள் ஊற்றுவது வேறு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றிய எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். எங்கள் பக்கத்துக் கரிசல் தூசியும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் காளான் வளரவும் இடமாகும். காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, பூண்டு எதையும் நீங்களாக ஊற்றாதீர்கள். செத்துப்போன மயிரிழை செல்லை முளைக்கவைக்கும் தைலம் எந்த வைத்தியத்திலும் இல்லை. சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன், உண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஒரு காது திடீரென்று அடைத்து, ஒரே நாளில் கேட்காமல் போனால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. சில நாள் தாமதித்தாலும் திரும்பக் கிடைக்க வேண்டிய காது கிடைக்காமல் போகலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் குடும்பத்துக்கு இருக்கிற போனே போதும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் காதுக்குப் பொருந்தும் வயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள். நல்ல பதிவாகத் தேடிக் கேளுங்கள்.

சங்கீதத்தில் ஊறியவர், பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர், போன் தொல்லையில்லாமல் கேட்க நினைப்பவர் ஆகியோருக்குத் தனி பிளேயர் பிரயோஜனம். பத்துப் பன்னிரண்டாயிரத்தில் நன்றாகவே கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அழகுக்கும் உலோகப் பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது. ஆசை இருந்து வசதியும் இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. காதுக்காக வாங்குகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் சத்தம் பாதி அளவைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரம் கேட்டால் பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு. ஒருவர் இயர்போனை இன்னொருவர் போட வேண்டாம், ரப்பர் முனையை வாரம் ஒருமுறை துடைத்துக் காயவையுங்கள். இன்று ராத்திரி பிள்ளை இயர்போனைக் கழற்றி வைத்ததும், ஒலி அளவை மாற்றாமல் அப்படியே வாங்கி உங்கள் காதில் ஒரு நொடி வைத்துப் பாருங்கள். காது திடுக்கிட்டால், வாங்க வேண்டியது பிளேயரா என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முதலில் ஆடியோமெட்ரிக்கு ஒரு நாள் குறியுங்கள்.